படகில் எழுதிய பாஸ்வேர்டு

டெபோராவின் கட்டைவிரலை அவளுடைய போனே ஒப்புக்கொள்ளவில்லை.

முந்தானையில் துடைத்துவிட்டு வைத்தாள். முடியாது என்றது. வாயால் ஊதி ஈரத்தைப் போக்கிவிட்டு வைத்தாள். அப்போதும் முடியாது என்றது. வருடக்கணக்கில் ஐஸ் அள்ளி, செதில் சுரண்டி, எறா உரித்த விரல் அது. ரேகை என்று சொல்லிக்கொள்ள அதில் என்ன மிச்சம் இருக்கப்போகிறது? இந்த நியாயமெல்லாம் போனுக்கு எங்கே தெரிகிறது!

"ஆன்சி! இங்க வந்து உன் விரல வெச்சிட்டுப் போ!"

நாத்தனார் ஆன்சி ஓடி வந்தாள். அந்தக் கடையில் மீனைத் தொடாத ஒரே கை அவளுடையதுதான். ஆர்டர் எடுப்பதும், கேட்பவர்களுக்குப் பதில் போடுவதும் அவள் வேலை. ஆள்காட்டி விரலை வைத்ததும் போன் பட்டென்று திறந்தது.

"பாத்தியா அண்ணி, உன் போனுக்கு என்னியத்தான் புடிச்சிகீது."

"புடிக்கும், புடிக்கும். ரெண்டு நாளு வஞ்சிரம் வெட்டிப் பாரு, அப்பால அது உன்னியும் தெரியாதுன்னு சொல்லும்."

இருவரும் சிரித்தார்கள். அந்த வீட்டில் இரண்டு நாளாகச் சிரிப்புக்குப் பஞ்சம். காரணம் உங்களுக்குத் தெரியும். போன வாரம் விட்டவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

ராயபுரத்தில் வீட்டின் முன்பக்கத்தில் டெபோரா நடத்தும் ‘சிலுவை மீன்’ கடைக்கு நேரில் வருகிறவர்கள் கொஞ்சம்தான். அண்ணா நகர், கீழ்ப்பாக்கம் என்று எங்கெங்கோ இருப்பவர்கள் கடையின் ஆன்லைன் பக்கத்தில் ஆர்டர் போடுவார்கள். டெபோரா தனி ஆளாகக் கட்டி எழுப்பிய பக்கம் அது. புதன்கிழமை இரவு யாரோ அதற்குள் புகுந்து, ‘கடையை நிரந்தரமாக மூடிவிட்டோம், இதுவரை ஆதரவு தந்த அனைவருக்கும் நன்றி’ என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். கீழே கைகூப்பும் படம் வேறு. குடியைக் கெடுக்க வந்தவனுக்கு மரியாதை மட்டும் குறைவில்லை.

பழி நேராக ஆன்சியின் தலையில் விழுந்தது. அவள் கணவன் வெள்ளத்துரையோடு சண்டை போட்டுக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்தவள். அந்த வெள்ளத்துரை இப்போது திருவொற்றியூரில் இதே போல வீட்டுக்கு வீடு மீன் அனுப்பும் கடை திறந்திருக்கிறான். கடைப் பக்கத்தின் பாஸ்வேர்டை ஆன்சிதான் புருஷனுக்குச் சொல்லியிருக்க வேண்டும் என்று அவளுடைய அண்ணனும் டெபோராவின் கணவனுமான பிராங்கிளின் தீர்ப்பே எழுதிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவளை எர்ணாவூர் பெரியம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவதாகவும் சொல்லிவிட்டான்.

இன்று சனிக்கிழமை.

ஆன்சி ஐஸ் வாங்கத் தெருமுனைக்குப் போனதும் பிராங்கிளின் உள்ளே வந்தான். படகு பெயின்ட் வேலையில் இருந்ததால் நாலு நாளாக அவன் கடலுக்குப் போகவில்லை. கரையில் இருக்கிற படகுக்காரனுக்குக் கோபம் வர வேறு காரணம் தேவையில்லை.

"இன்னும் அவ விரலு உன் போன்லதான் கீதா?"

"கீது. இன்னாத்துக்கு?"

"நீதான சொன்ன? இனிமே பாஸ்வேர்டு கிடையாது, பாஸ்கீ, போனுக்குள்ளாறயே சாவி, யாரும் திருட முடியாதுன்னு. போன தொறக்கிற விரலுக்கெல்லாம் அந்தச் சாவி வேல செய்யும்னா, அவ விரலுக்கும் செய்யுமா செய்யாதா?"

டெபோரா போனைத் திருப்பிப் பார்த்தாள். செய்யும். வியாழக்கிழமை பழைய பாஸ்வேர்டை மாற்றிவிட்டுக் கடைக் கணக்குக்குப் பாஸ்கீ வைத்தபோது அவளுக்கு இருந்த நிம்மதி கொஞ்சநஞ்சமல்ல. மனப்பாடம் செய்ய எழுத்து இல்லை, எட்டிப் பார்த்துத் திருட எதுவும் இல்லை. போனைத் திறப்பது போலவே விரலை வைத்தால் கணக்கும் திறக்கும். ஆனால் யாருடைய விரல் என்று அந்தக் கணக்கு கேட்பதில்லை. போன் சரி என்றால் அதுவும் சரி என்றுவிடும். பூட்டு மாற்றியாகிவிட்டது, சாவியைத்தான் இரண்டு பேர் கையில் கொடுத்து வைத்திருந்தாள்.

"இன்னொண்ணு கேக்கறேன்," என்றான் பிராங்கிளின், தான் ஜெயித்துவிட்ட தெம்பில். "பாஸ்வேர்டுன்னா நடுக்கடல்ல கீறப்போ கூட வயர்லெஸ்ல ஒரு வார்த்த சொல்லி வேலைய முடிச்சிகலாம். உன் கட்டவிரல வயர்லெஸ்ல அனுப்ப முடியுமா? போனு தண்ணில வுயுந்தா இன்னா பண்ணுவ?"

"அத்த அப்பால பாக்கலாம்."

"இத்த இப்பவே பாரு. அவ விரல எடு."

டெபோரா எடுத்தாள். போனில் அது ஒரு சின்ன வேலை. ‘விரல் 2’ என்று இருந்ததைத் தொட்டு, நீக்கு என்பதை அமுக்கினாள். தன் பத்து விரலையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்ததில், மீன் வேலையில் அதிகம் தேயாத இடது சுண்டுவிரலைப் போன் ஏற்றுக்கொண்டது. காரியம் முடிந்தது. மனசு மட்டும் முடியவில்லை என்று அடித்துக்கொண்டது.

ஆன்சி ஐஸோடு திரும்பினாள். வழக்கம்போல ஆர்டர் பார்க்கப் போனை எடுத்து விரலை வைத்தாள். மறுபடி வைத்தாள். கையைத் துடைத்துவிட்டு வைத்தாள். பிறகு அண்ணி முகத்தைப் பார்த்தாள். அண்ணி வேண்டுமென்றே கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தாள்.

"என் விரல எடுத்துட்டியா அண்ணி?"

"உங்க அண்ணன்..."

"அவுரு சொன்னாரு, செரி. எடுத்தது நீ."

அழுதிருந்தாலாவது டெபோரா சமாளித்திருப்பாள். ஆன்சி அழவில்லை. போனை மேஜையில் பத்திரமாக வைத்துவிட்டு உள்ளே போய்த் துணி மடிக்க ஆரம்பித்தாள். ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்கும் எண்ணம் அவளுக்கு இல்லை என்று அந்த மடிப்பிலேயே தெரிந்தது.

பெயின்டருக்கும் கணவனுக்கும் டிபன் கொண்டுபோகும் சாக்கில் டெபோரா கடையை விட்டு வெளியே வந்தாள். வீட்டுக்குள் அந்த மௌனத்தோடு இருப்பதற்குக் காசிமேடு துறைமுகத்தின் கூச்சல் எவ்வளவோ மேல்.

பிராங்கிளின் என்ஜின் ஆளைத் தேடிப் போயிருந்தான். படகின் முகப்பில் பெயின்டர் மட்டும் சாரத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். போய்ச்சேர்ந்த மாமியாரின் பெயர்தான் படகுக்கும்: சிலுவையம்மாள். எப்போதும்போலத் தமிழில் ஒருமுறை, இங்கிலீஷில் ஒருமுறை, பக்கத்திலேயே பதிவு எண்.

"யக்கா, நம்பரு போதுமா? இன்னும் பெர்சா எய்தட்டா? தூரத்துல வர்ற படகுக்கும் தெரியணும்ல?"

டெபோரா நிமிர்ந்து பார்த்தாள். டிபன் பாத்திரம் கையில் அப்படியே நின்றது.

இங்கிலீஷில் சிலுவையம்மாள். அதற்குப் பின்னால் நம்பரின் கடைசி நாலு எண். புதன்கிழமை வரை கடைக் கணக்கின் பாஸ்வேர்டு அதுதான். அதே எழுத்து, அதே எண், அதே வரிசை. யாரும் கண்டுபிடிக்கக் கூடாது என்று அவளும் பிராங்கிளினும் சேர்ந்து யோசித்து வைத்தது. அதை ஆள் உயரத்துக்கு, வெள்ளைப் பெயின்டில், கூலி கொடுத்து எழுதிக்கொண்டிருக்கிறார்கள்!

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, தலையில் அடித்துக்கொள்ளவும் தோன்றியது. பக்கத்துப் படகடியில் வலை பிரித்துக்கொண்டிருந்த ராஜாத்தியிடம் போனாள்.

"ராஜாத்தி, தப்பா நெனைக்காத. உன் போன்ல பாஸ்வேர்டு இன்னா வெச்சிகீற?"

ராஜாத்தி நாலு பக்கமும் பார்த்தாள். டெபோராவின் காதருகே வந்தாள். "யாராண்டயும் சொல்லிடாத. எங்க படகு பேரு, அப்பால நம்பரு. ஷோக்கா கீதுல்ல? மறக்கவே மறக்காது."

அவள் முதுகுக்குப் பின்னால் அந்தப் படகு பெயரும் நம்பருமாகக் கம்பீரமாக நின்றுகொண்டிருந்தது.

டெபோரா அதற்கு மேல் அங்கே நிற்கவில்லை. இந்தத் துறைமுகத்தில் பாதிக் குடும்பத்தின் பூட்டுக்குச் சாவி தண்ணீரில் மிதந்துகொண்டிருக்கிறது. எவன் வேண்டுமானாலும் கண்ணால் படித்து உள்ளே போயிருக்கலாம். அப்படியிருக்க ஆன்சியை மட்டும் எதை வைத்துக் குற்றம் சொல்வது? ஒரு பெண்ணின் விரலைத் தூக்கி எறிந்துவிட்டு வந்தோமே என்று அவளுக்கு நெஞ்சு கனத்தது. அந்தக் கனத்தோடு அவள் நடந்த நடையில் ஷேர் ஆட்டோக்காரர்களே ஒதுங்கி வழிவிட்டார்கள்.

கடையில் பிராங்கிளின் அவளுக்கு முன்பே வந்து நின்றிருந்தான். ஆன்சி பையைக் கட்டி வாசல் ஓரம் வைத்துவிட்டு, கடைசி வேலையாகத் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

டெபோரா படகு விஷயத்தைச் சொன்னாள். ஆன்சி துடைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"அதெல்லாம் சும்மா," என்றான் பிராங்கிளின். "படகுல ஆயிரம் எய்தி கீது. அதான் பாஸ்வேர்டுன்னு எவனுக்குத் தெரியும்?"

"ராஜாத்திக்கே அதான்யா பாஸ்வேர்டு! ஊருக்கே தெரிஞ்ச ரகசியத்த வெச்சிகினு, இவள வூட்ட வுட்டுத் தொரத்தப் பாக்கற."

அவன் பதில் சொல்வதற்குள் டெபோராவின் போன் மணியடித்தது. குறுஞ்செய்தி. ‘உங்கள் கடைப் பக்கத்தின் மீது புகார்கள் வந்துள்ளன. உடனே உள்ளே வந்து உறுதி செய்யாவிட்டால் பக்கம் இன்றே நீக்கப்படும்.’ கீழே நீல எழுத்தில் ஒரு சுட்டி.

நாளை ஞாயிற்றுக்கிழமை ஆர்டர். புதன்கிழமை அடித்த அடியிலிருந்து வாடிக்கையாளர்கள் இப்போதுதான் ஒவ்வொருவராகத் திரும்பி வருகிறார்கள். சுட்டியைத் தொட்டாள். தினமும் பார்க்கிற அதே பக்கம், அதே நிறம், அதே எழுத்து. பாஸ்வேர்டு போடு என்று கட்டம் காட்டியது. விரல் மட்டும் கேட்கவில்லை.

"விரல வெய்யி!" என்றான் பிராங்கிளின்.

"கேட்டாத்தான வெப்பேன்? கேக்கவே இல்ல."

"நான் சொன்னேன்ல? ஆபத்து வர்ற நேரத்துல உன் பாஸ்கீ கால வாருது பாரு. பாஸ்வேர்டப் போடு. புச்சா வெச்சியே, அதப் போடு. பக்கமே பூடும் டெபோ, சீக்கிரம்!"

அவனுக்கு வியர்த்துவிட்டது. டெபோரா புதுப் பாஸ்வேர்டின் முதல் இரண்டு எழுத்தை அடித்தும் விட்டாள். அங்கே அவள் கை நின்றது.

காலையிலிருந்து நாலு தடவை கணக்குக்குள் போய் வந்திருக்கிறாள். நாலு தடவையும் விரலைக் கேட்டது. இப்போது மட்டும் ஏன் கேட்கவில்லை? சுட்டியின் பெயரை மறுபடி படித்தாள். மெதுவாக, எழுத்துக்கூட்டி. பெயரின் நடுவில் ஒரு எழுத்து அதிகமாக இருந்தது. அவசரத்தில் மனுஷக் கண்ணுக்குத் தப்பிவிட்ட எழுத்து, போனுக்குத் தப்பவில்லை.

"இது நம்ம வாசலே இல்லய்யா," என்றாள். அடித்த எழுத்தை அழித்தாள். அந்தப் பக்கத்தை மூடிவிட்டு, கணக்கின் முகவரியைத் தன் கையாலேயே அடித்து உள்ளே போனாள். போன் பணிவாக விரல் கேட்டது. சுண்டுவிரலை வைத்தாள். உள்ளே புகாரும் இல்லை, ஒன்றும் இல்லை. நாளைக்குப் புதிதாக இரண்டு கடம்பாக் கணவாய் ஆர்டர்தான் வந்திருந்தது.

டெபோராவுக்கு முதுகு நிமிர்ந்தது. "பாத்தியா? வேஷம் போட்டு வந்தவன நான் நம்பிட்டேன். நீயும் நம்பிட்ட. இது நம்பல. எந்தக் கதவுக்குச் செஞ்ச சாவியோ அந்தக் கதவுக்குத்தான் வருவேன்னு நின்னுடுச்சு. பாஸ்வேர்டா இருந்தா இந்நேரம் நம்ம கையாலயே எடுத்துக் குடுத்திருப்போம்."

பிராங்கிளின் ஒரு சொம்புத் தண்ணீரை அப்படியே குடித்தான்.

டெபோரா ஆன்சியின் பக்கம் திரும்பினாள். வேறு யாராவதாக இருந்தால் மன்னிப்புக் கேட்க நல்ல நேரம் பார்த்திருப்பார்கள். டெபோராவுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. தப்பு செய்த கடையிலேயே நின்று அதைச் சரிசெய்துவிட வேண்டும் அவளுக்கு.

"ஆன்சி, என் போன்ல இனிமே உன் விரலு வோணாம்."

ஆன்சியின் முகம் சுருங்கியது. குனிந்து பையை எடுத்தாள்.

"அய்ய, முயுசா கேளு! அடுத்தவ போன்ல ஒண்டிக்கினு கெடக்க நீ இன்னா வாடகைக்கா வந்த? உன் போன எடு. அதுலயே உனக்குன்னு தனிச் சாவி வெச்சிடலாம். ஒரு கணக்குக்கு எத்தினி சாவி வோணா வெக்கலாமாம். நாளைக்கு என் போனு கடல்ல வுயுந்தாக்கூட உன் சாவி தொறக்கும். கடைல பாதி வேல நீ செய்யிற, சாவியும் உன்னுதா இருக்கட்டும்."

"அண்ணி..."

"காலைல தப்பு பண்ணிட்டேன். நான்தான் பண்ணேன், உங்க அண்ணன் இல்ல. இப்போ போன எடு."

ஆன்சிக்குக் காலையில் வராத அழுகை இப்போது வந்தது. அழுதுகொண்டே போனை நீட்டினாள். டெபோரா அவள் போனில் கணக்கைத் திறந்து, அதில் வந்த க்யூஆர் கட்டத்துக்கு எதிரே தன் போனின் கேமராவைக் காட்டி, சுண்டுவிரலை வைத்து அனுமதி கொடுத்தாள். ‘இந்தப் போனுக்குப் பாஸ்கீ உருவாக்கவா?’ என்று கேட்டது. ஆன்சி கண்ணைத் துடைத்த விரலைக் காயவைத்து, அழுத்தி வைத்தாள். ‘உருவாக்கப்பட்டது’ என்றது. வாசலில் இருந்த பையை ஆன்சியே எடுத்துக்கொண்டு போய் உள்ளே போட்டுவிட்டு வந்தாள்.

அவ்வளவோடு விட்டிருந்தால் அந்தச் சனிக்கிழமை நல்லபடியாக முடிந்திருக்கும். டெபோரா ஆரம்பித்த வேலையைப் பாதியில் விடுகிறவளா?

"யோவ், உன் போனையும் குடு."

"என்னுது இன்னாத்துக்கு?" பிராங்கிளின் சட்டைப் பையின் மேல் கையை வைத்துக்கொண்டான். "எனக்கு அந்தக் கணக்குல இன்னா வேல? நான் ஒருநாளும் உள்ளாற போனதில்ல. என் போனு பேசறதுக்கு மட்டும்தான்."

"மூணாவது சாவி ஒண்ணு கீறது நல்லதுய்யா. ரெண்டு பேரு போனும் ஒரேயடியா பேஜாராச்சுன்னா? நீயும் இந்தக் கடைலதான கீற?"

"வோணாம் டெபோ. அப்பால பாக்கலாம்."

"குடுய்யா!" சிரித்துக்கொண்டே அவன் பையிலிருந்து போனை உருவினாள். அவன் விரலைப் பிடித்து வைத்துத் திறந்தாள். இருபது வருடம் கூட வாழ்ந்தவன் விரல், அவளுக்கு அதில் உரிமை உண்டு. கடைக் கணக்கின் பக்கத்துக்குப் போனாள். தன் போனால் அனுமதி கொடுத்தாள். பாஸ்கீ உருவாக்கு என்பதை அமுக்கினாள்.

போன் உருவாக்கவில்லை. பணிவாக ஒரு வரி காட்டியது.

‘இந்தப் போனில் இந்தக் கணக்குக்கு ஏற்கெனவே பாஸ்கீ உள்ளது. சேர்க்கப்பட்டது: புதன், இரவு.’

டெபோரா அந்த வரியை இரண்டு முறை படித்தாள். ஒருநாளும் உள்ளே போகாதவன் போனில் சாவி எப்படி வந்தது? வந்த வழி அவளுக்கு உடனே புரிந்தது. படகுப் பெயரையும் நம்பரையும் போட்டு உள்ளே போயிருக்கிறான். அடுத்த தடவை விரலை வைத்தே வரலாமா என்று போன் கேட்டிருக்கிறது. எது கேட்டாலும் படிக்காமல் சரி, சரி என்று அமுக்குகிற ஆள் அவன். பாஸ்வேர்டை யார் போட்டார்கள் என்று கடைசி வரை யாருக்கும் தெரிந்திருக்காது. இந்தச் சாவி மட்டும் தான் பிறந்த போனை விட்டு நகரவில்லை, வியாழக்கிழமை அவள் பாஸ்வேர்டை மாற்றிய பிறகும் சாகவில்லை.

எதற்காகச் செய்தான் என்பதுதான் புரியவில்லை. கூடப்பிறந்தவள் மீது பழியைப் போட்டுவிட்டு இரண்டு நாள் எப்படிச் சோறு தின்றான் என்பதும் புரியவில்லை. அவள் நிமிர்ந்து கணவனைப் பார்த்தாள். கடை அவளுடையது, பக்கம் அவளுடையது, கேள்வியும் அவளுடையது.

"டெபோ," என்றான் பிராங்கிளின். "நான் சொல்றத கொஞ்சம் கேளு."

"கேக்கத்தான் போறேன்." போனை அவனிடம் திருப்பிக் கொடுக்காமல் ஆன்சியின் கையில் கொடுத்தாள். "படிச்சிட்டு, கடக்கதவ சாத்திட்டு வா ஆன்சி. நீயும் உக்காரு. உங்க அண்ணன் இன்னாத்துக்கு நம்ம கடைய மூடினாருன்னு இப்போ சொல்லுவாரு."